காணாமல் போன 'டக்'

பேஸ் கித்தார் விற்கிறவன் எவனையும் நான் நம்புவதில்லை. வாங்குகிறவனையும் நம்புவதில்லை. நானே சிலவற்றை விற்றிருக்கிறேன்; விற்கும்போது என்னென்ன அளந்துவிட்டேன் என்பது எனக்குத்தானே தெரியும்.

இப்போது கைவசம் இருப்பவை மூன்று. மூன்றும் மலிவு சரக்கு. மலிவான பொருளைத்தான் பயமில்லாமல் பிரிக்க முடியும், பிரித்துப் பார்க்காத எதையும் என்னுடையது என்று நான் ஒப்புக்கொள்வதில்லை. வாங்கிவந்த அன்றே திருப்புளியை எடுத்துவிடுவேன். பின்பக்கத் தகட்டைக் கழற்றினால் உள்ளே நடந்திருக்கும் மோசடி தெரிந்துவிடும். ஈயம் சரியாகப் பிடிக்காத ஒயர் இருக்கும். டேப்பைச் சுற்றி ஒப்பேற்றிய இணைப்பு இருக்கும். ஒரு தடவை உள்ளே ஒரு பீடித் துண்டே இருந்தது. பெட்டியைப் பிரிக்கவே இல்லை என்று சத்தியம் பண்ணி விற்ற கித்தார் அது.

முதல் கித்தாரை வாங்கியது கல்மண்டபத்தில். விற்றவன் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டான்.

"கப்பல்லர்ந்து எறங்குன மாலு நைனா. ஜப்பான்காரன் வாசிச்சது."

எங்கள் பக்கம் எந்தப் பழைய பொருளும் கப்பலிலிருந்துதான் இறங்கும். மாவரைக்கிற கிரைண்டர்கூட கப்பலிலிருந்து இறங்கியதாகத்தான் சொல்வார்கள். நான் கித்தாரைத் திருப்பிப் பார்த்தேன். "ஜப்பான்காரன் இன்னாத்துக்கு பின்னாடி தமிழ்ல ஒரு பொண்ணு பேர செதுக்கி வச்சிக்கீறான்?" என்று கேட்டேன்.

அவன் அசரவில்லை. "இங்க வந்து லவ்வு பண்ணிருப்பான். உனக்கு இன்னா பேஜாரு?"

அந்தப் பதிலுக்காகவே வாங்கிவிட்டேன். ஆனால் வாங்குவதற்கு முன்னால் என் சோதனையைச் செய்யாமல் இல்லை. நான் எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் மெக்கானிக். பழுக்கக் காய்ச்சிய இரும்பை ராட்சதச் சுத்தியலால் அடித்து உருவம் கொடுக்கும் ஷாப் எங்களுடையது. அங்கே ஒரு பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க நீண்ட திருப்புளியின் முனையை மெஷின்மேல் வைத்து, பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்துவோம். உள்ளே ஓடுவது எலும்பு வழியாக வந்துவிடும். கித்தாருக்கும் அதே வைத்தியம்தான். கம்பியைத் தட்டிவிட்டு மரத்தில் திருப்புளியை வைத்துக் கேட்பேன். 'தும்' என்று நின்று ஒலித்தால் மரம் சுத்தம். விற்கிறவன்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பான்கள். பார்க்கட்டும்.

பேஸ் கித்தாரைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாலு தடித்த கம்பி, பாட்டுக்கு அடியில் ஓடும் கனத்த சத்தம், அவ்வளவுதான். மேடையில் அதை யாரும் கவனிக்க மாட்டார்கள், நின்றால் மட்டும் என்னவோ குறைகிறதே என்று திரும்பிப் பார்ப்பார்கள். அந்தக் கனத்த 'தும்' ஒவ்வொன்றுக்கும் தலையில் ஒரு சின்ன 'டக்' உண்டு. விரல் கம்பியை விடும்போது, கம்பி கித்தார் கழுத்தில் பதித்திருக்கும் உலோகக் கட்டையில் படும்போது வருகிற சத்தம். 'தும்' வயிற்றில் விழும், 'டக்' காதில் விழும். 'டக்' இல்லாத பேஸ், பக்கத்து வீட்டில் யாரோ கட்டிலை நகர்த்துவதுபோல இருக்கும்.

என் மூன்று கித்தார்களிலும் அந்த 'டக்' ஒரு காலத்தில் தெளிவாக இருந்தது. பிறகு காணாமல் போனது.

முதலில் கம்பிகளைச் சந்தேகித்தேன். நாங்கள் இருக்கும் காலடிப்பேட்டையில் கடல் காற்று ஒரு பக்கம், மணலித் தொழிற்சாலைகளிலிருந்து வரும் ரசாயனக் காற்று இன்னொரு பக்கம். நடுவில் நிற்கிற கம்பி எத்தனை நாள் தாங்கும்? மனைவியின் பழைய நைட்டிகளைப் போர்த்தித்தான் கித்தார்களை வைத்திருக்கிறேன், அப்படியும் உலோகக் கட்டைகள் பச்சை பூத்துவிடும். புதுக் கம்பி வரவழைத்தேன். 'டக்' வரவில்லை. ஒரிஜினல் உறைக்குள் டூப்ளிகேட் கம்பியைப் போட்டு அனுப்பிவிட்டான்கள் என்று முடிவுகட்டி, வேறு கடையில் வேறு கம்பி வாங்கினேன். அதிலும் வரவில்லை. சரி, எல்லாரும் கூட்டுக் களவாணிகள்.

அடுத்தது பிக்கப். கம்பியின் அதிர்வைக் கரண்டாக மாற்றும் காந்தப் பெட்டி அது. பிடுங்கி வேறு போட்டேன். நல்லி எலும்பை வேகவைத்து அரத்தால் ராவி, கழுத்தின் முனையில் இருந்த பிளாஸ்டிக் துண்டுக்குப் பதிலாக வைத்தேன். எலும்பு சத்தத்தைக் கூர்மையாக்கும். கடைசியில் டோன் திருகையே அறுத்து எறிந்தேன். அந்தத் திருகு செய்கிற ஒரே வேலை, கூர்மையான சத்தத்தை நடு வழியில் மடக்கித் தரைக்கு அனுப்புவது. வீட்டுக்குள்ளேயே ஒரு திருடனை வைத்துக்கொண்டு வெளியில் தேடியிருக்கிறேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். அறுத்த பிறகும் 'டக்' வரவில்லை. திருப்புளியை வைத்துக் கேட்டால் மரம் ஜோராக 'தும்' என்றது. மரத்தில் பழுதில்லை. ஆகவே ஒயரில், ஆம்ப்பில், அதற்கு அப்பால் எங்கேயோ யாரோ என்னை ஏமாற்றுகிறார்கள்.

வீட்டில் நான் வாசிக்கும்போதெல்லாம் மனைவி சமையலறைக் கதவைச் சாத்த ஆரம்பித்திருந்தாள். ஒரு நாள் வெளியே வந்து, நேர் எதிரே நின்று சொன்னாள்.

"இன்னாய்யா இது, தகரத்த தரையில வச்சி இழுக்குற மாதிரி கீது."

இவளுக்கு எப்போதுமே என் கித்தார் ஆகாது என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த வருஷம்தான் எங்கள் தெரு அம்மன் கோயில் ஆடித் திருவிழாக் கச்சேரி எங்கள் மெல்லிசைக் குழுவுக்குக் கிடைத்தது. ஊரெல்லாம் வாசித்திருக்கிறேன். புளியந்தோப்பில், வியாசர்பாடியில், எண்ணூர்க் குப்பங்களில், கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதையும் விட்டதில்லை. என் சொந்தத் தெருவில் மட்டும் வாசித்ததே கிடையாது. என்னை ஷிப்டு முடிந்து எண்ணெய்ப் பிசுக்கோடு வருகிறவனாக மட்டுமே பார்த்த ஜனம் அது. அவர்கள் முன்னால் மேடையில் நிற்க வேண்டும், அதுவும் 'டக்'கோடு நிற்க வேண்டும். அந்த ஆசை எனக்கு வெறியாகவே இருந்தது. வெட்கம் என்ன இருக்கிறது, இருந்தது என்றால் இருந்ததுதான்.

குழுவின் தலைவன் என் பழைய தோஸ்து. துறைமுகப் பக்கம் சரக்கு கிளியரிங் ஆபீசில் வேலை, கீபோர்டு வாசிப்பான், மிக்ஸரும் அவனுடையதுதான். எல்லாருடைய சத்தமும் போய்ச் சேரும் அந்தப் பெட்டி அவன் வலது கைக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் கல்மண்டபத்தில் அவன் வீட்டு மாடி அறையில் ஒத்திகை. கச்சேரி நெருங்க நெருங்க அவன் ஒரே பல்லவியைப் பாட ஆரம்பித்தான்.

"மாமு, உன் சவுண்டு காதைக் குத்துது. கொஞ்சம் மட்டு பண்ணு."

எனக்குப் பொறி தட்டியது. கீபோர்டில் இடது கையால் பேஸ் வாசித்துவிடலாம். என்னைக் கழற்றிவிட்டால் மேடையில் ஒரு ஆள் குறையும், ஒரு பங்குப் பணம் மிச்சம். அதற்கு முன்னேற்பாடாகத்தான் என் சத்தத்தைக் குறை சொல்கிறான். அதோடு அவன் அறையில் பீரோவுக்குப் பின்னால் ஒரு கறுப்பு கித்தார் உறையையும் பார்த்தேன். அளவைப் பார்த்தாலே தெரிந்தது, பேஸ். என்னுடையது இல்லை.

"இது யாருது?" என்றேன்.

"தெரிஞ்சவன் வச்சிட்டுப் போய்க்கீறான்," என்றான். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தேன். வாசிக்கும்போது என் கண் கம்பியில் இல்லை, அவன் வலது கையில் இருந்தது. நான் தண்ணீர் குடிக்கத் திரும்பும்போதெல்லாம் அந்தக் கை மிக்ஸர் பக்கம் நகர்வதுபோல் தோன்றியது. தோன்றுவதை வைத்துச் சண்டை போட முடியாது. அத்தாட்சி வேண்டும். அடுத்த ஞாயிறு எல்லாருக்கும் முன்னால் போய், மிக்ஸரில் என் வரிசையில் இருந்த ட்ரெபிள் திருகுக்கும், அதாவது கூர்மையைக் கூட்டிக் குறைக்கும் திருகுக்கும், அது நிற்கும் தகட்டுக்கும் சேர்த்து மனைவியின் நகப் பாலிஷில் ஒரு பொட்டு வைத்தேன். திருகை யாராவது அசைத்தால் பொட்டு இரண்டாகப் பிரியும்.

இரண்டு பாட்டு வாசித்துவிட்டு டீ குடிக்கக் கீழே போனோம். திரும்பி வந்து பார்த்தேன். பாதிப் பொட்டு தகட்டில் இருந்தது. மீதிப் பாதி திருகோடு சுற்றிக்கொண்டு அடிமட்டத்துக்குப் போயிருந்தது.

கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் எனக்குக் கோபமே கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. வந்தபோது நன்றாகவே வந்தது.

"இன்னாடா தோஸ்து, கூடவே இருந்துகினு குழி வெட்டுறியா? என் 'டக்'க அமுக்கிட்டு நீ மட்டும் சோக்கா வாசிக்கலாம்னு பாக்குறியா? அந்தக் கறுப்பு உறை எவனுதுன்னு இப்பச் சொல்லு."

அவன் மறுக்கவில்லை. அதுதான் எனக்கு முதல் இடி.

"வேற ஒர்த்தன கேட்டு வச்சிக்கீறேன் மாமு. உண்மைதான். உன் தெருவுல, உன் ஜனம் காதப் பொத்திக்கினு எழுந்து போனா நீ தாங்குவியா? ஒரு வருசமா நீ வாசிக்க ஆரம்பிச்சதும் நான் இந்தத் திருக கீழ எறக்கிதான் உன்ன ஓட்டிக்கினு வரேன். நீ வூட்டுல ஒவ்வொன்னா புடுங்கிப் புடுங்கி ஏத்திக்கினே வர. இப்ப இது அடிமட்டத்துல கீது. இதுக்குக் கீழ எறக்க எடம் இல்ல."

"எனக்கு 'டக்'கே கேக்கல, நீ காதக் குத்துதுன்றியா? பீலா வுடாத."

"அதான் சொல்றேன். உனக்குதான் கேக்கல."

எனக்குச் சிரிப்பு வந்தது. என் காதைப் பற்றியா பேசுகிறான்? வருஷா வருஷம் கம்பெனிக்கு வேன் வருகிறது, காது டெஸ்ட் எடுக்கிறார்கள், ஒவ்வொரு வருஷமும் எனக்கு நார்மல் என்று அவன் முகத்துக்கு நேரே சொன்னேன். போன மாசம்கூட நார்மல் என்று சொல்லும்போது என் நாக்கு பாதியில் நின்றுவிட்டது.

அந்த வேன் விஷயம் எங்கள் ஷாப்பில் எல்லாருக்கும் தெரியும். காது மந்தம் என்று தெரிந்தால் சுத்தியல் ஷாப்பிலிருந்து தூக்கி பேக்கிங்கில் போடுவார்கள், ஓவர்டைம் போய்விடும். காண்டிராக்ட் ஆட்களை வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு. கம்பெனி நம் நல்லதுக்கு டெஸ்ட் எடுக்கிறது என்று நாங்கள் யாரும் நம்பியதில்லை. வேனுக்குள் ஒரு சின்ன கூண்டு, தலையில் ஹெட்போன், கையில் ஒரு பட்டன். கீச்சென்று சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். முதல் வருஷமே எனக்குப் புரிந்துவிட்டது, அது ஒரே தாளத்தில் ஓடும் சோம்பேறி மெஷின். தாளம் பிடிக்கத் தெரிந்தவனுக்குக் காதே வேண்டாம். கேன்டீன் மேஜையில் கரண்டியால் தட்டித் தட்டி மொத்த ஷாப்புக்கும் சொல்லிக்கொடுத்தேன். எப்போது அமுக்குவது, சந்தேகம் வராமல் இருக்க எப்போது ஒன்றை விட்டுவிடுவது என்று எல்லாம் கணக்காக. செவிட்டுப் பெரியவர்கள் முதற்கொண்டு அத்தனை பேரும் நார்மல். கம்பெனிக்கே டிமிக்கி கொடுத்த பேஸ்காரன் என்று கேன்டீனில் எனக்குத் தனி மரியாதை.

போன மாசம் அந்தக் கூண்டில் உட்கார்ந்திருந்தபோது சத்தம் கேட்டு அமுக்கினேனா, தாளத்துக்கு அமுக்கினேனா? மாடி அறையில் நின்று யோசித்துப் பார்த்தேன். கீச்சென்று ஒன்றுகூட நினைவில் இல்லை. தாளம் மட்டும் இருந்தது.

தலைவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி எனக்கு முதுகைக் காட்டி நின்றான். பிறகு பேசினான். பேசுகிறான் என்று தெரிந்தது. குரல் வந்தது, ஏற்றம் இறக்கம் வந்தது, அது அவன் குரல்தான் என்பதும் தெரிந்தது. ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. எங்கள் ஷாப்பில் சுத்தியல் சத்தத்துக்கு நடுவே வாயசைவையும் கையசைவையும் பார்த்தே பேசிப் பழகிவிட்டோம். அந்தப் பழக்கம் வெளியிலும் என்னை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறது, நான் அறியாமல். இப்போது வாயைப் பார்க்க முடியாமல் நின்றபோது பயந்துவிட்டேன்.

அவன் திரும்பினான். "இன்னா சொன்னேன்?"

"தெரில," என்றேன்.

"நீதான் வாசிக்கணும்னு சொன்னேன். வேற எவனும் வாணாம். ஆனா திருகு என் கையில. நீ கை வெக்கக் கூடாது."

சரி என்றேன். அவன் திரும்பி நின்றபோது உண்மையிலேயே அதைத்தான் சொன்னானா என்று ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"எனக்குத் தெரியும்யா. எத்தினி நாளா உன் மூஞ்சிக்கு நேரா வந்து நின்னு பேசுறேன். நீ கவனிச்சதே இல்லியா?"

"தெரிஞ்சிகினு ஏன் சொல்லல?"

"சொன்னா நம்புவியா நீ? எவன் சொல்லிக் குடுத்தான்னு என்னிய கேப்ப."

கேட்டிருப்பேன். சாப்பிட உட்கார்ந்தேன். அந்த வாரமே வெளியில் ஒரு காது டாக்டரிடம் போனேன், தாளம் போடாமல் உட்கார்ந்தேன். கூர்மையான சத்தங்கள் போய்விட்டன, திரும்ப வராது, இருக்கிறதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். எத்தனையோ பொருளைப் பிரித்துப் பழுது பார்த்திருக்கிறேன். இதைப் பிரிக்க வழியில்லை.

ஷாப்பில் என்னோடு ஒரே மெஷினில் நிற்கிறவனிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அடுத்த தடவை வேனில் கேட்டால் மட்டும் பட்டனை அமுக்கு, தாளத்தை மறந்துவிடு என்றேன். அவன் சுத்தியல் சத்தத்துக்கு நடுவே கையால் கேட்டான், அப்படியென்றால் வேலை போய்விடுமே? அன்றிலிருந்து நான் காதுக் கவசம் போடுகிறேன். அவன் பஞ்சை அடைத்துக்கொண்டு நிற்கிறான், நான் கம்பெனிப் பக்கம் சாய்ந்துவிட்டேனோ என்று என்னை ஒரு மாதிரி பார்க்கிறான்.

ஆடிக் கச்சேரிக்கு முன்னால் மூன்றில் நல்ல கித்தாரை எடுத்து டோன் திருகை மறுபடியும் ஈயம் வைத்துப் பொருத்தினேன். தலைவன் வந்து அவனுக்குச் சரியாகப் பட்ட இடத்தில் திருகை நிறுத்தி, அதன்மேல் டேப் ஒட்டிவிட்டுப் போனான். அந்த டேப்பை நான் தொடவில்லை. தொட வேண்டும் என்று கை பரபரத்தது.

கோயிலுக்கு எதிரே, தெருவை அடைத்து மேடை. கூழ் ஊற்றி முடித்து, பொழுது சாய்ந்ததும் ஆரம்பித்தோம். முன் வரிசை பிளாஸ்டிக் நாற்காலிகளில் என் தெரு உட்கார்ந்திருந்தது. மேடைப் பலகை வழியாக 'தும்' என் உள்ளங்காலில் ஏறியது, இடுப்புவரை வந்தது. 'டக்' வரவில்லை. வராது என்று தெரிந்தும் ஒவ்வொரு பாட்டிலும் எதிர்பார்த்தேன். விரல் வேலை செய்துகொண்டே இருந்தது, கண் ஜனங்களின் முகத்தை மேய்ந்துகொண்டே இருந்தது. யாராவது காதைப் பொத்துகிறார்களா? யாராவது எழுந்து போகிறார்களா? மாவுக்கடைக்காரர் தலையாட்டினார். அது பாட்டுக்கா, பேஸுக்கா, என்னைப் பார்த்துவிட்டதால் மரியாதைக்கா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

முடிந்ததும் ஆளாளுக்குக் கையைப் பிடித்துக்கொண்டு சூப்பர் என்றார்கள். அவர்களை விடுங்கள், சொந்தத் தெருக்காரனைப் பார்த்து யார்தான் கலீஜ் என்று சொல்லுவான்? நான் கித்தாரைக்கூடக் கழற்றாமல் மனைவியைத் தேடிப் போனேன். நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எப்டி இருந்துச்சு?"

"சோக்கா இருந்துச்சு."

"'டக்' கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

அவள் முகத்தை உற்றுப் பார்த்தேன். விற்கிறவன்கள் முகத்தை எத்தனையோ பார்த்தவன் நான், பொய் எங்கே மடங்குகிறது என்று எனக்குத் தெரியும். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிரித்துப் பார்க்கவும் முடியாது, பொட்டு வைத்துப் பிடிக்கவும் முடியாது. இனிமேல் என் பேஸ் எப்படி ஒலிக்கிறது என்பதற்கு இவள் வாயைத் தவிர எனக்கு வேறு சாட்சி கிடையாது.

"நெஜமாவா?" என்றேன்.

அவள் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு என் எதிரே வந்து நின்றாள். "கேட்டுச்சுய்யா," என்றாள், எனக்குப் புரியும்படி வாயை நன்றாகத் திறந்து, மெதுவாக.